வேர்ட்பிரஸ் நிறுவனமும் இல்லை, இலவசமும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், சொந்தமாக இணையதளம் தொடங்குவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். என் கடைக்கு வருகிறவர்களில் இரண்டு பேர் அதைக் கத்தரித்துக் கொண்டுவந்து, "இது மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்கக்கா" என்று கேட்டார்கள். ஆனால் அதில் ஒரு வரி உறுத்தியது: வேர்ட்பிரஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இணையதளம் அமைக்கும் மென்பொருளை இலவசமாக வழங்குகிறதாம். ஒரே வரியில் இரண்டு பிழை. திருத்தம் கேட்டு நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கடிதம் நீண்டுவிட்டது. இடம் பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் அருப்புக்கோட்டையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நன்கொடை ரசீது, பள்ளி ஆண்டு மலர் எல்லாம் உண்டு. அப்பா அச்சுக்கோப்பவர், டிரெடில் மிஷின் காலத்து ஆள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது, தும்பிக்கை போட்ட பழைய லையையும் னையையும் தூக்கிப் போட மனசு வராமல் ஒரு டால்டா டப்பாவில் போட்டு வைத்திருந்தார். "திரும்ப வந்தாலும் வரும்" என்பார். வரவில்லை. இப்போது பத்திரிகை அடிப்பது குறைந்துபோய், பதினோரு இணையதளங்களைப் பார்த்துக்கொள்வதும் என் வேலையாகிவிட்டது. பள்ளி இரண்டு, கைத்தறி சொசைட்டி ஒன்று, ஒரு கோயில் அறக்கட்டளை, வாசகர் வட்டம் என்று போகும். எல்லாமே வேர்ட்பிரஸ்.

சரி, பிழைக்கு வருகிறேன். வேர்ட்பிரஸ் என்பது மென்பொருளின் பெயர். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மேட் முல்லன்வெக் 2005-இல் ஆரம்பித்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் ஆட்டோமாட்டிக். வேர்ட்பிரஸ் டாட் காம் என்ற சேவை அந்த நிறுவனத்துடையது. அங்கே ஓரளவு வரை காசு கேட்க மாட்டார்கள், அதற்கு மேல் கட்டணம் உண்டு. டாட் ஆர்க் என்று முடியும் தளத்திலிருந்து நாம் இறக்கிக்கொள்ளும் மென்பொருள் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லோரும் இங்கேதான் வழுக்குகிறார்கள், உங்கள் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்த மென்பொருளுக்கு நிரல் (கணினிக்கான கட்டளைகள்) எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சிலருக்கு அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனமே சம்பளம் கொடுத்து இதற்கென்று நேரம் ஒதுக்குகிறது. ஆட்டோமாட்டிக்கின் பங்கும் அதில் பெரியதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. மற்ற பலர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருகிறவர்கள்.

நம்பிக்கை வராவிட்டால், ஏதாவது ஒரு வேர்ட்பிரஸ் தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய், மேலே இடது மூலையில் இருக்கும் டபிள்யூ முத்திரையைத் தட்டிப் பாருங்கள். அந்தப் பதிப்புக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லும் பக்கம் ஒன்று உள்ளே இருக்கும். பங்குனித் திருவிழா நன்கொடையாளர் நோட்டீஸ் மாதிரி பொடி எழுத்தில் பெயர்கள் நூற்றுக்கணக்கில் ஓடும். பெரிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாஸ் கலைஞரின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். 2004 ஜனவரியில் வந்த 1.0-க்கு மைல்ஸ் டேவிஸ் பெயர். (நாதஸ்வர வித்வான் காருகுறிச்சியார் பெயரை வைக்கச் சொல்லி ஒரு மனு போடலாமா என்று எனக்கு நெடுநாள் ஆசை. இன்னும் போடவில்லை.)

அடுத்தது 'இலவசம்'. காசில்லாமல் கிடைக்கிறது என்பது சரிதான், அந்தச் சொல்தான் பிழை. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் காசில்லாததையும் சொல்லும், சுதந்திரத்தையும் சொல்லும். அதனால் இந்த வகை மென்பொருளை எழுதுகிறவர்கள் 1980-களிலிருந்து "நாங்கள் காசைச் சொல்லவில்லை, சுதந்திரத்தைச் சொல்கிறோம்" என்று விளக்கி விளக்கி அலுத்துப்போனார்கள். நமக்கு அந்தத் தொல்லையே கிடையாது. கட்டற்ற மென்பொருள் என்ற அழகான சொல் தமிழில் பல வருஷமாகப் புழங்குகிறது. நம்மிடம் இல்லாத குழப்பத்தை இரவல் வாங்குவானேன்? அதிலும் இலவசம் என்ற சொல் நம் ஊரில் பட்ட பாடு கொஞ்சமில்லை, அரசாங்கமே 2011-இல் அதை விட்டுவிட்டு 'விலையில்லா' என்று எழுத ஆரம்பித்தது. விலையில்லா மிக்ஸி எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஆனால் அதைப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி இன்னொன்று செய்து, வேறு பெயர் போட்டு விற்றுக்கொள் என்று யாரும் எழுதித் தரவில்லை. வேர்ட்பிரஸுக்கு உள்ள ஜி.பி.எல். உரிமம் அதைத்தான் எழுதித் தருகிறது. எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே இருப்பதைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைக் கொடுக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். வாங்குகிறவருக்கும் இதே உரிமைகளைக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் முக்கிய நிபந்தனை.

வேர்ட்பிரஸ் பிறந்ததே இந்த உரிமத்தால்தான். அதற்கு முன்பு பி2 என்று வலைப்பதிவு எழுதும் மென்பொருள் ஒன்று இருந்தது, பிரான்ஸைச் சேர்ந்த மிஷேல் வால்த்ரிகி எழுதியது. ஒரு கட்டத்தில் அவரிடமிருந்து பேச்சு மூச்சில்லை. 2003 ஜனவரியில், அமெரிக்காவின் ஹூஸ்டனில் மேட் முல்லன்வெக் என்ற 19 வயதுப் பையன், தான் பயன்படுத்துகிற மென்பொருளைக் கவனிக்க ஆள் இல்லையே, உரிமம்தான் இடம் கொடுக்கிறதே, நாமே எடுத்து நடத்தினால் என்ன என்று எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர், நீங்கள் இறங்குவதாக இருந்தால் நானும் வருகிறேன் என்று பதில் போட்டார். 2003 மே 27 அன்று முதல் பதிப்பு வெளிவந்தது. இன்று உலகத்து இணையதளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. அந்தப் பையன் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் வால்த்ரிகி தன் நிரலோடு அந்த உரிமத்தை வைத்திருக்காவிட்டால் அவர் கெட்டிக்காரத்தனத்துக்கு வேலையே இருந்திருக்காது.

இந்தக் கதையை நான் பாதி தூக்கத்தில் எங்கோ படித்து மறந்திருந்தேன். எங்கள் வாசகர் வட்டத்துக்கு வந்த கஷ்டத்தில்தான் அது நினைவுக்கு வந்தது. வட்டத்துக்குத் தளம் போட்டுக் கொடுத்தவர் பக்கத்து ஊர்க்காரர். 18 ஆயிரம் ரூபாய் வாங்கினார், ஒழுங்காகத்தான் செய்து கொடுத்தார். அப்புறம் இரண்டு வருஷத்தில் அவர் போன் அணைந்தது, கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார் என்றார்கள். வட்டத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஒரு துண்டுச் சீட்டோடு என் கடைக்கு வந்தார். நிர்வாகப் பக்கத்துக்குப் போகும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் அதில் இருந்தன. சர்வர் கணக்கு, தளத்தின் முகவரி இரண்டும் அந்த மனிதர் பெயரில். முகவரியின் கெடு முடிய எத்தனை நாள் என்று இணையத்தில் பார்த்தேன். ஒன்பது.

"ஏம்மா, பதினஞ்சு வருஷ எழுத்தும்மா. அச்சுல வந்ததை எல்லாம் திரும்ப டைப் அடிச்சு ஏத்தினது" என்றார் சார்.

கருவிகள் என்ற பட்டியலுக்குள் 'ஏற்றுமதி' என்று ஒன்று இருக்கும். அதைத் தட்டினேன். 312 பதிவுகள், தனிப் பக்கங்கள், வாசகர்கள் எழுதிய மறுமொழிகள் எல்லாம் ஒரே கோப்பாக இறங்கின. மூன்று எம்.பி.கூட இல்லை. படங்கள் மட்டும் அதற்குள் வராது. புது இடத்தில் வேர்ட்பிரஸை நிறுவி இந்தக் கோப்பை இறக்குமதி செய்யும்போது, ஒரு கட்டத்தில் டிக் போட்டால், பழைய தளம் உயிரோடு இருக்கும் வரை அங்கிருந்து படங்களைத் தானே இழுத்துக்கொள்ளும். முதல் தடவை அந்த டிக்கைப் போட மறந்தேன். எல்லாம் வந்துவிட்டது போலத்தான் தெரிந்தது, படங்களும் தெரிந்தன. ஏனென்றால் அவை இன்னும் பழைய தளத்திலிருந்தே வந்துகொண்டிருந்தன! ஒன்பது நாள் கழித்து எல்லாம் கண்ணைக் கட்டியிருக்கும். நல்லவேளையாக ஒரு படத்தின் முகவரியைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். பழைய முகவரி போனது போனதுதான், புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டோம். எழுத்து ஒன்றும் போகவில்லை. அந்த மனிதர் தன் சொந்தமாக ஏதோ ஒரு மூடிய மென்பொருளை எழுதி அதில் தளத்தைப் போட்டிருந்தால், சாருக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

வேர்ட்பிரஸைத் தமிழாக்கும் வேலைக்கு நான் வந்தது தற்செயல். கைத்தறி சொசைட்டித் தளத்தில் ஆர்டர் படிவத்துக்காக ஒரு நீட்சியை (வேர்ட்பிரஸோடு ஒட்டிக்கொள்ளும் துணை மென்பொருள், பிளகின் என்பார்கள்) போட்டிருந்தோம். படிவம் பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். தவறு ஏதாவது வந்தால் சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் திட்டும், அது திட்டுகிறதா வாழ்த்துகிறதா என்று சொசைட்டியில் உட்காரும் பெண்ணுக்குத் தெரியாது, எனக்குப் போன் வரும். இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகன்தான், "அத்தை, இதை நீங்களே மாத்தலாம், யார்கிட்டயும் கேக்க வேண்டாம்" என்று மொழிபெயர்ப்புத் தளத்தைத் திறந்து காட்டினான். மொழிப் பட்டியலில் தமிழ் என்று ஒன்று, தமிழ் இலங்கை என்று தனியாக ஒன்று. அங்கே கணனி, இங்கே கணினி, இருக்கட்டும். இடது பக்கம் இங்கிலீஷ் வரி, வலது பக்கம் காலிப் பெட்டி. எழுதிப் போட்டால் காத்திருப்பில் நிற்கும். தமிழுக்கான தொகுப்பாளர் பார்த்து ஏற்றுக்கொள்வார். அவரும் சம்பளமில்லாத ஆள்தான். ஒரு நீட்சியின் வரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு ஏற்கப்பட்டுவிட்டால், மொழிப் பொதி தானாகத் தயாராகி, அந்த நீட்சி இருக்கும் தமிழ்த் தளங்களுக்கெல்லாம் புதுப்பிப்பாகப் போய்விடும்.

ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். அப்பாவுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தவள் நான். முதல் நாளே மாட்டிக்கொண்டேன். வரிக்கு நடுவே ஒரு சதவீதக் குறியும் அதை ஒட்டி எஸ் என்ற எழுத்தும் வரும். மென்பொருள் ஓடும்போது அந்த இடத்தில் ஏதோ ஒரு சொல் வந்து உட்காரும். இங்கிலீஷில் எந்தச் சொல் வந்து உட்கார்ந்தாலும் வாக்கியம் கலையாது. தமிழில்? 'இதை நீக்கவா' என்று கேட்க, அந்தக் குறியை ஒட்டி ஐ போட்டேன். அங்கே பக்கம் என்ற சொல் வந்தபோது திரையில் 'பக்கம்ஐ நீக்கவா?' என்று வந்தது. பக்கத்தை என்று வர வேண்டும் என்பது மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? அது சாரியை படித்ததா? இதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள் வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். குறியை மேற்கோளுக்குள் தனியாக விட்டுவிட்டு, பின்னால் 'என்பதை' போடு. 'பக்கம்' என்பதை நீக்கவா? கொஞ்சம் வக்கீல் நோட்டீஸ் வாடை அடிக்கும், ஆனால் எந்தச் சொல் வந்தாலும் தாங்கும். இதே போல, இன்னார் எழுதினார் என்பதா, எழுதினான் என்பதா? அந்த இன்னார் மனிதர்தானா, இல்லை 'நிர்வாகி' என்ற வெறும் கணக்குப் பெயரா? 'எழுதியது: இன்னார்' என்று புரட்டிப் போட்டுத் தப்பித்தோம்.

பெரிய சண்டை 'கருத்துக்கள்' என்ற சொல்லில் வந்தது. நான் க் போட்டு எழுதியிருந்தேன். தொகுப்பாளர் க்-ஐ எடுத்துவிட்டு ஏற்றுக்கொண்டார். மறுபடி க் போட்டு அனுப்பினேன், மறுபடி எடுத்தார். அப்பா கோத்த பத்திரிகைகளில் எல்லாம் வாழ்த்துக்கள்தான், எனக்கு அது கைப்பழக்கம். கடைசியில் வாசகர் வட்டத்து சாரிடம் பஞ்சாயத்துக்குப் போனேன். இந்த மாதிரிச் சொற்களில் கள் விகுதிக்கு முன்னால் வல்லினம் மிக வேண்டியதில்லை, கருத்துகள், வாழ்த்துகள் என்பதே போதும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். தோற்றேன். இது வெறும் க் இல்லை ஐயா, ஒரே திரையில் மேலே கருத்துக்கள், கீழே கருத்துகள் என்று வந்தால் வாசிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதற்காகத்தான் அங்கே பொதுவான சொற்பட்டியல் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். (உங்கள் நாளிதழில் போன வாரம் ஒரே பக்கத்தில் இரண்டும் வந்திருந்தன. சொல்லிவிட்டேன்.)

இந்த வேலைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஒன்றும் கிடைக்காது. ஆனால் மற்ற எத்தனையோ பேர் எழுதி வைத்ததைக் கொண்டு பதினோரு தளத்துக்கு நான் கூலி வாங்குகிறேன். ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்து இருபது வரி தமிழாக்குவதைத் தானம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இதையெல்லாம் படித்துவிட்டு, வேர்ட்பிரஸில் பெரிய சண்டையாமே என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். 2024 செப்டம்பரில் முல்லன்வெக், வேர்ட்பிரஸ் தளங்களுக்குச் சர்வர் வாடகைக்கு விடும் டபிள்யூ.பி. எஞ்சின் என்ற நிறுவனம் வேர்ட்பிரஸை வைத்துச் சம்பாதிக்கிறது, அதற்குத் திருப்பிச் செய்வது போதாது என்று மேடையிலேயே சாடினார். பிறகு அந்த நிறுவனத்தின் சர்வர்களில் இருந்த தளங்களுக்கு டாட் ஆர்க்கிலிருந்து போகும் புதுப்பிப்புகள் நிறுத்தப்பட்டன. அக்டோபரில் நிறுவனம் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. பங்களிப்பாளர்கள் உள்ளே நுழையும் பக்கத்தில், எனக்கும் டபிள்யூ.பி. எஞ்சினுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று டிக் அடித்தால்தான் கதவு திறக்கும் என்று ஒரு கட்டத்தை வைத்தார்கள். டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் அந்தக் கட்டம் போனது. போன இடத்தில் வேறொன்று வந்தது: பீட்சாவில் அன்னாசிப் பழம் ருசியாக இருக்கும் என்று டிக் அடிக்க வேண்டும்! வேடிக்கைக்கு வைத்ததாக இருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிரல் எல்லோருக்கும் பொது, ஆனால் நிரலையும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நீட்சிகளையும் விநியோகிக்கும் அந்தத் தளம் முல்லன்வெக்கின் தனிப்பட்ட கையில் இருக்கிறது என்பது அந்தச் சண்டையில்தான் பலருக்கு உறைத்தது. கிணறு ஊருக்குப் பொது, கயிறும் வாளியும் ஒருத்தர் வீட்டில் என்றால் எப்படி? இது மாற வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதைச் சொல்லிக்கொண்டே மொழிபெயர்த்துக்கொண்டும் இருக்கிறேன், இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. 2018 டிசம்பரில் 5.0 பதிப்பில் எழுதும் பக்கத்தையே தலைகீழாக மாற்றியபோதும் இப்படித்தான் பெரிய கூச்சல். பிடிக்காத சிலர் நிரலை எடுத்துக்கொண்டு கிளாசிக்பிரஸ் என்று தனிக்குடித்தனம் போனார்கள், போகவும் முடிந்தது. எங்கள் சார் மட்டும் இன்றைக்கும் பழைய எழுதும் பக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும் நீட்சியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக எழுதுகிறார்.

ஆகவே திருத்தம் போடும்போது, அமெரிக்க நிறுவனம் என்பதை எடுத்துவிட்டு, உலகெங்கும் உள்ள பங்களிப்பாளர்கள் உருவாக்கும் கட்டற்ற மென்பொருள் என்று போட்டால் போதும். நிரல் தெரியாதவர்களுக்கும் அங்கே வேலை உண்டு என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. தமிழாசிரியர்கள், மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்றவர்கள், என்னைப் போல டி.டி.பி. கடையில் பொழுது போகிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு கணக்குத் தொடங்கி அன்றைக்கே பத்து வரி எழுதிப் போடலாம்.

ஆசிரியர் குழுவிடமே ஒரு உதவியும் கேட்க வேண்டும். வேர்ட்பிரஸில் ஒரு பதிவின் முகவரியில் கடைசியாக வரும் சின்னப் பெயரை 'ஸ்லக்' என்பார்கள். தமிழில் என்ன போடுவது? மெஷின் மொழிபெயர்ப்பிடம் கேட்டேன், நத்தை என்றது. இது உங்கள் தொழில் சொல்தான். ஒரு செய்திக்குத் தலைப்பு வைக்கும் முன்பே அலுவலகத்துக்குள் அதைக் கூப்பிட்டுக்கொள்ளும் சிறு பெயர், ஈய அச்சுக் காலத்திலிருந்து வந்தது. வரிகளுக்கு நடுவே செருகும் தடித்த ஈயப் பட்டையை அப்பாவும் ஸ்லக் என்றுதான் சொல்வார், தமிழில் வேறு சொல் சொல்லிக் கேட்டதில்லை. உங்கள் அலுவலகத்தில் பழைய ஃபோர்மேன் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள். என் திரையில் அந்த ஒரு பெட்டி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ம. செ.,
அருப்புக்கோட்டை